டீயில் விழுந்த இரும்பு மாத்திரை மை மாதிரி கருத்துவிட்டது. இந்தப் பீனாலிக் பொருள்கள் உடம்புக்கு நல்லதா, கெட்டதா?

பெரம்பூர்_வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. போன மாதம் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. பக்கத்து சுகாதார நிலையத்தில் சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, டீ காபியோடு போடாதீர்கள் என்றார்கள். ஏன் என்று கேட்க முடியவில்லை, பின்னால் அவ்வளவு வரிசை.

முந்தாநாள் காலையில் மாத்திரையைப் பிரிக்கும்போது அது உடைந்து, பால் ஊற்றாமல் வடித்து வைத்திருந்த டீத்தண்ணீருக்குள் பாதி விழுந்துவிட்டது. சரி, அப்புறம் கொட்டிக்கொள்ளலாம் என்று பையனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், டம்ளரில் இருந்தது டீயே இல்லை. பேனா மை மாதிரி கருநீலமாக இருந்தது. வயிற்றுக்குள்ளும் இப்படித்தான் நடக்கிறதா என்று எனக்குப் பயமாகிவிட்டது.

தேடிப் பார்த்ததில் இன்னும் குழப்பம்தான். டானின், ஃபிளாவனாய்டு, குர்குமின் எல்லாம் பீனாலிக் குடும்பமாம், ஆன்டிஆக்ஸிடன்டாம், இதயத்துக்கு நல்லதாம். அதே பக்கத்திலேயே பீனால் விஷம், தோலில் பட்டால் வெந்துவிடும் என்றும் இருக்கிறது. தரை துடைக்கிற பினாயிலும் அந்தப் பெயரோடுதான் வருகிறது. என் அத்தையோ (மாமியார்), "துவர்ப்பு அறுசுவையில் ஒன்று, அதை ஒதுக்கினால் உடம்புதான் கெடும்" என்று வெற்றிலை பாக்கு போட்டபடி சொல்கிறார். டீயை விடவும் மனசு வரவில்லை, மாத்திரையும் வீணாகக் கூடாது. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பிளஸ்டூ_கெமிஸ்ட்ரி:

சகோதரி, நீங்கள் தெரியாமலே ஒரு நல்ல சோதனை செய்திருக்கிறீர்கள். பிளஸ் டூ பிராக்டிகலில் பீனாலைக் கண்டுபிடிக்க நடுநிலை ஃபெரிக் குளோரைடு சொட்டு விடுவோம், ஊதா நிறம் வரும். உங்கள் டம்ளரில் நடந்ததும் கிட்டத்தட்ட அதேதான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையம், அதில் நேராக ஒட்டிய ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும்), இவ்வளவுதான் பீனால். 1834ல் ரூங்கே என்ற ஜெர்மன் வேதியியலாளர் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்தார். 1865ல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் அதை, கார்பாலிக் அமிலம் என்ற பெயரில், எலும்பு முறிந்து திறந்துகிடந்த காயத்தில் வைத்துக் கட்டிச் சீழ் பிடிக்காமல் காப்பாற்றினார். கிருமியின் புரதத்தைக் குலைத்துக் கொல்வதுதான் அதன் வேலை. நம் தோலிலும் புரதம்தானே இருக்கிறது, அதனால்தான் தனிப் பீனால் பட்டால் வேகிறது, தோல் வழியாக உள்ளேயும் போய்விடுகிறது. பழைய கறுப்பு பினாயில் இந்தத் தார் வகைதான். இப்போது பல வீடுகளில் இருக்கும் வெள்ளைப் பினாயில் பெரும்பாலும் பைன் எண்ணெயில் செய்வது.

டீயில் இருப்பது அந்தத் தனிப் பீனால் இல்லை. அதே வளையங்கள் பல சேர்ந்த பெரிய மூலக்கூறுகள், ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு மூன்று ஹைட்ராக்சில். இப்படிப் பலது சேர்ந்ததால் பாலிஃபீனால் என்கிறோம். துவர்ப்புத் தரும் டானின் இதில் ஒரு வகை. கிராம்பின் யூஜெனால், மிளகாயின் கேப்சைசின், மஞ்சளின் குர்குமின், வனிலா வாசனை, ஏன், காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால்கூட வேதியியல் கணக்கில் பீனால்தான். ஒரே குடும்பப் பெயர் இருப்பதால் குணமும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

ஆனால் எல்லாவற்றிலும் அந்த ஹைட்ராக்சில் ஒரே மாதிரி இரண்டு மூன்று காரியம் செய்யும். ஒன்று, சாதாரண ஆல்கஹாலைவிட எளிதாக ஹைட்ரஜனை விட்டுவிடும், அதனால் லேசான அமிலம். இதை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலக்கியதும் ரத்தச் சிவப்பு வருகிறதே, அது சுண்ணாம்பின் காரம் குர்குமினின் ஹைட்ராக்சிலிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும் காட்சி. வகுப்பில் பீனாலின் அமிலத்தன்மையை நான் ஆரத்தித் தட்டில்தான் ஆரம்பிப்பேன், கடைசி பெஞ்சு வரை கவனிப்பார்கள்.

இரண்டாவது, உடம்பில் அலைகிற ரேடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரானோடு திரிந்து மற்றதைத் தாக்கும் துகள்) ஒன்று வந்தால் தன் ஹைட்ரஜனை எலக்ட்ரானோடு சேர்த்துக் கொடுத்து அதை அடக்கிவிடும். மிச்சமாகிற ஒற்றை எலக்ட்ரானை வளையம் முழுக்கப் பகிர்ந்துகொள்வதால் இதற்குப் பெரிய சேதம் இல்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று டப்பாவில் போடுவது இதைத்தான். நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட நாள்பட்டு நிற்பதற்கும் எள்ளில் உள்ள செசமால் போன்ற பீனால்கள் ஒரு காரணம்.

மூன்றாவதுதான் உங்கள் டம்ளர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் இருந்தால் நண்டுக் கொடுக்கு மாதிரி இரும்பு அயனியைக் கவ்விக்கொள்ளும். இரும்பு அயனிக்கு ஃபெரஸ், ஃபெரிக் என்று இரண்டு நிலை உண்டு. மாத்திரையின் ஃபெரஸ் இரும்பு முதலில் அவ்வளவாக நிறம் காட்டாது, காற்றுப் பட்டு ஃபெரிக்காக மாற மாற கருத்துக்கொண்டே போகும். நீங்கள் வேனுக்குப் போய்த் திரும்பிய நேரம் அதற்குப் போதும்.

பல்லாவரம்_தோல்காரர்:

அம்மா, நான் பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் தோல் பதனிடும் கூடங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். படிப்பு குறைவு, ஆனால் டானின் என்றால் கையில் பிடித்த அனுபவம் உண்டு. அந்தப் பெயரே தோல் பதனிடுவதிலிருந்து வந்ததுதான்.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் இரண்டே நாளில் நாறிவிடும். ஆவாரம் பட்டை ஊறிய தண்ணீரில் போட்டு, கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்டினால் அழுகாது, வருடக்கணக்கில் நிற்கும். பட்டையின் துவர்ப்பு தோலில் உள்ள கொலாஜன் நார்களைப் பிடித்து ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது, அப்புறம் தண்ணீரும் கிருமியும் உள்ளே புகுந்து அதைக் கரைக்க முடிவதில்லை. அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்து கப்பலேறிய தோல் இந்த முறையில் செய்ததுதான். பிறகு குரோமியம் உப்பு வந்தது, குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான்.

நீங்கள் பச்சை வாழைக்காயோ இளம் பாக்கோ கடிக்கும்போது நாக்கு இழுத்துக்கொள்கிறதே, அதுவும் இதே கதை. எச்சிலில் உள்ள வழுவழுப்பான புரதத்தை டானின் பிடித்துக் கட்டியாக்கிவிடுகிறது, நாக்குக்கு வழுவழுப்பு போய் சொரசொரப்பாகத் தெரிகிறது.

இரும்பு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொட்டிப் பக்கம் இரும்பு வாளியோ ஆணியோ விடமாட்டோம். ஒரு துரு பட்டால் போதும், தோலில் கருநீலப் புள்ளி விழுந்து அந்தத் துண்டின் விலை பாதியாகிவிடும். ஆக்சாலிக் அமிலம் போட்டுத் தேய்த்தால்தான் மங்கும். இதையே வேண்டுமென்று செய்தால் மை. கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதி போட்டு மை செய்வதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அன்னபேதி என்றால் இரும்பு சல்ஃபேட். உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஃபெரஸ் சல்ஃபேட் என்று போட்டிருந்தால் இரண்டும் ஒரே சரக்கு. அதனால் உங்கள் டம்ளரில் மை மாதிரி ஒன்று வரவில்லை, மையேதான் வந்திருக்கிறது. காளஹஸ்தி கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வருவதும் இப்படித்தான், துணியைக் கடுக்காயும் பாலும் கலந்ததில் நனைத்துக் காயவைத்து, வெல்லத் தண்ணீரில் பழைய இரும்பை ஊறப்போட்டு எடுத்த சாற்றால் வரைவார்கள்.

வேளச்சேரி_ஓட்டம்:

இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. பால் ஊற்றிவிட்டால் டானின் பாலோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் இரும்பை என்ன செய்யும்? நம் ஊரில் யார் பாலில்லாமல் டீ குடிக்கிறார்கள்? நான் தினமும் ஓடுகிறவன், கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் கேப்ஸ்யூல் காலையில் ஒன்று ராத்திரி ஒன்று போடுகிறேன், நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட். இயற்கைப் பொருள்தானே, எவ்வளவு எடுத்தாலும் கெடுதல் கிடையாது.

மயிலை_உணவியல்:

நான் உணவியல் நிபுணராக ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். ரத்தசோகையோடு வரும் பெண்களிடம் தினமும் பேசுகிற விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசகி, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கறுப்பாவதால் விஷமாகிவிடாது, ஆனால் டானின் கவ்விய இரும்பைக் குடல் உறிஞ்ச முடியாது, அது அப்படியே வெளியே போய்விடும். 1983ல் வந்த ஓர் ஆய்வில் இறைச்சி கலந்த சாப்பாட்டோடு காபி குடித்தவர்களுக்கு இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது, டீ குடித்தவர்களுக்கு 64 சதவீதம். 1999ல் ரொட்டியை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வில் கடும் டீ 79லிருந்து 94 சதவீதம் வரை குறைத்தது. மாத்திரை, தானியம், காய், கீரையிலிருந்து வரும் இரும்பும், இறைச்சியில் ஹீம் அல்லாத பங்கும்தான் இப்படி அடிவாங்கும். மீன், ஈரல், இறைச்சியில் ஹீம் என்ற கூட்டுக்குள் இருக்கும் இரும்பை டானின் கிட்டே நெருங்க முடியாது.

வேளச்சேரி நண்பருக்கு: பால் புரதம் டானினைக் கொஞ்சம் பிடிக்கும், துவர்ப்பு குறைவது அதனால்தான். ஆனால் அதே 1999 ஆய்வில் பால் சேர்த்த டீயையும் பார்த்தார்கள், இரும்பைத் தடுப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு பாலின் கால்சியமும் தன் பங்குக்கு இரும்பைக் குறைக்கும், அதனால் மாத்திரையைப் பாலோடும் போடச் சொல்லமாட்டோம்.

இதில் நேரம்தான் முக்கியம். முதலில் சொன்ன ஆய்வில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் காபி குடித்தவர்களுக்குக் குறையவே இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தவர்களுக்கோ சேர்த்துக் குடித்த அளவுக்கே குறைந்தது, ஏனென்றால் சாப்பாடு அப்போதும் வயிற்றில்தான் இருக்கிறது. அதனால் டீயை விட வேண்டாம், இடம் மாற்றுங்கள். காலையில் எழுந்ததும் குடிக்கிற டீ பரவாயில்லை. டிபனோடு குடிக்கிற டீயும் மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஆபீஸ் வாசலில் குடிக்கிற டீயும்தான் பிரச்சினை. நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்கிறேன். மாத்திரையை டீயிலிருந்து நன்றாகத் தள்ளி, முடிந்தால் எலுமிச்சைச் சாறு தண்ணீரோடு போடுங்கள். வைட்டமின் சி இரும்பை ஃபெரஸ் நிலையிலேயே வைத்திருக்கும், கரைந்த நிலையிலும் வைத்திருக்கும். பலர் நெல்லிக்காய் கேட்பார்கள். அதில் வைட்டமின் சி நிறைய, ஆனால் டானினும் நிறைய, கடித்தால் துவர்ப்பே சொல்லிவிடும். மாத்திரையோடு என்றால் எனக்கு எலுமிச்சைதான் நம்பிக்கை.

இன்னொன்று, கேழ்வரகின் மேல்தோலில் டானின் உண்டு. வேண்டாம் என்று சொல்லமாட்டேன், முளைகட்டி அரைத்தால் குறையும். மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். இளம் பெண்களிடம் 2006ல் செய்த ஒரு சோதனையில் சமையலில் போடும் அளவு மஞ்சள் இரும்பைத் தடுக்கவில்லை, மிளகாய்தான் 38 சதவீதம் குறைத்தது. எனக்கே அதைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

இப்போது ஆன்டிஆக்ஸிடன்ட். டீச்சர் சொன்னது சோதனைக் குழாய்க்கு முழுக்கச் சரி. உடம்புக்குள் கதை வேறு. நாம் சாப்பிடும் பாலிஃபீனாலில் கொஞ்சம்தான் ரத்தத்துக்குள் வருகிறது. வந்ததையும் குடலும் கல்லீரலும் உடனே குளுக்குரோனிக் அமிலம், சல்ஃபேட் என்று ஏதாவது ஒட்டி, சிறுநீரில் அனுப்பத் தயார் செய்துவிடுகின்றன. ஒட்டும் இடம் பெரும்பாலும் அந்த ஹைட்ராக்சிலேதான், ஆக ரேடிக்கலை அடக்க வேண்டிய கையே கட்டப்பட்டுவிடுகிறது. மிச்சமானது பெருங்குடலுக்குப் போய், அங்கே உள்ள நுண்ணுயிர்கள் உடைத்துத் தருகிற சின்னத் துண்டுகள்தான் பிறகு பல வேலை செய்கின்றன. அதனால் ஒரு பழத்தைக் குழாயில் சோதித்து இவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் என்று எண் போடுவதில் அர்த்தம் குறைவு. அமெரிக்க வேளாண் துறை அப்படி ஓர் அட்டவணை வைத்திருந்தது, 2012ல் அதைத் தன் தளத்திலிருந்து எடுத்தேவிட்டது.

கேப்ஸ்யூல் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. கிரீன் டீயின் முக்கியப் பாலிஃபீனால் எபிகேலோகேட்டச்சின் கேலேட். நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக எடுத்தவர்களுக்குக் ரத்தத்தில் கல்லீரல் என்சைம்கள் ஏறுவதாக (கல்லீரல் அடிபடுவதன் அடையாளம் அது) ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் சொன்னது. டம்ளரில் குடிக்கிற டீக்கு அந்தப் பயம் இல்லை. பாராசிட்டமாலையே பாருங்கள், அளவாகப் போட்டால் கல்லீரல் இதே வழியில் ஒட்டி அனுப்பிவிடும், அளவு மீறினால் ஒட்டும் சரக்கு தீர்ந்து, குயினோன் (பீனால் ஆக்சிஜனேற்றம் அடைந்து வருவது) மாதிரி ஒரு பொருள் பிறந்து கல்லீரல் புரதத்தையே தாக்கும். நண்பரே, உங்கள் டப்பாவில் ஒரு கேப்ஸ்யூலுக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டு, டாக்டரிடம் ஒரு கல்லீரல் பரிசோதனைக்கு எழுதி வாங்குங்கள்.

வேளச்சேரி_ஓட்டம்:

பார்த்தேன். ஒன்றில் 400 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. இன்றிலிருந்து நிறுத்திவிட்டேன், சனிக்கிழமை ரத்தம் கொடுக்கிறேன். நன்றி மேடம்.

பெரம்பூர்_வாசகி:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. பெரியவர் சொன்னபடி அட்டையைப் பார்த்தேன், ஃபெரஸ் சல்ஃபேட்தான். நான் இத்தனை நாள் டிபன் முடித்து மாத்திரை போட்டு, பத்து நிமிஷத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் போய்விட்டதே என்று இருக்கிறது.

இரண்டு கேள்வி. ஒன்று சின்னது. வாழைப்பூ ஆய்ந்து மோரில் போடாவிட்டால் கருத்துவிடுகிறதே, அதிலும் இரும்பு இருக்கிறதா? இன்னொன்று அத்தை பற்றி. பெரியவர் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். தோல் பதனிடுவது வரை கேட்டவர் சும்மா இருந்துவிட்டு, "எனக்கு ஒரு வருஷமாகவே காரம் தாங்கவில்லை, வாயும் முன்ன மாதிரி திறக்க வரவில்லை" என்றார். வயசாவதால் என்று நினைத்தாராம். அவருக்கு 61. பாக்கு இருபது வருடமாகப் போடுகிறார், புகையிலை கிடையாது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பிளஸ்டூ_கெமிஸ்ட்ரி:

வாழைப்பூவுக்கு மட்டும் நான் சொல்கிறேன். அங்கே இரும்பு வேலை இல்லை. ஆயும்போது செல் உடைந்து, தாமிரம் கொண்ட ஒரு என்சைம் வெளியே வந்து, காற்றின் ஆக்சிஜனை வைத்துப் பீனாலைக் குயினோனாக மாற்றுகிறது. குயினோன்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் அந்தப் பழுப்பு, கறுப்பு. மோர் புளிப்பு என்சைமை மந்தமாக்கும், முங்கியிருப்பதால் காற்றும் படாது. கத்தரிக்காயைத் தண்ணீரில் போடுவதும் அதற்குத்தான்.

மயிலை_உணவியல்:

வாசகி, இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் எழுதுகிறேன். சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அத்தையைத் தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். காரம் எரிவதும் வாய் திறப்பு குறைவதும் பாக்கு போடுகிறவர்களுக்கு வருகிற, வாயின் உட்சதை நார் நாராக இறுகிப்போகும் நோயின் அடையாளங்கள். பாக்கில் உள்ள அரெகோலின் அதிகமாக கொலாஜன் நாரை உண்டாக்கத் தூண்டுகிறது. பாக்கின் டானினும் கேட்டச்சின் என்ற இன்னொரு பாலிஃபீனாலும் அந்த நாரை, பெரியவர் தோலுக்குச் சொன்ன அதே மாதிரி, கட்டி இறுக்கிவிடுகின்றன, பழைய நாரைக் கரைக்க வேண்டிய என்சைமால் அதைக் கரைக்க முடிவதில்லை. சுண்ணாம்புக் காரத்தில் பாக்கின் பீனால்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து ரேடிக்கலை அடக்குவதற்குப் பதில் புதிதாக உண்டாக்கவும் செய்கின்றன. இது புற்றுநோயாகவும் மாறலாம். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

பாரிமுனைப் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காலையில் போனால் பார்த்துவிடலாம். வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளப்பார்கள், வெள்ளைத் திட்டு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். பாக்கை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அவரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள், இருபது வருடப் பழக்கம்.

பல்லாவரம்_தோல்காரர்:

அம்மா, இதைப் படித்துவிட்டு எனக்கு மனசு கனத்துவிட்டது. எங்கள் கூடத்தில் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாக்கு மென்றவர்கள் எத்தனையோ பேர். தோலுக்குச் செய்வதைத்தான் வாய்க்கும் செய்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தையை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பெரம்பூர்_வாசகி:

சொன்னேன் ஐயா. திங்கட்கிழமை லீவு போட்டு அத்தையைக் கூட்டிப்போகிறேன். பாக்கு டப்பாவை அவரே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார், வெற்றிலை மட்டும் சும்மா மெல்லலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார். கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன். என் மாத்திரை இனி ராத்திரி ஒன்பது மணிக்கு, எலுமிச்சைத் தண்ணீரோடு.